கொட்டிய கல்லும் நிற்கிற கல்லும்

"தொண்ணூறு சதவீதம் முடிந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றாயிற்று, ரத்தக் கொதிப்புக்கு மாத்திரை சாப்பிடுகிறேன், கோபப்படாதே என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். இருந்தாலும் வருகிறது. எதில் தொண்ணூறு? யார் அளந்தது? எதை வைத்து அளந்தது? இதையே கேட்டுக் கேட்டு உத்தியோக காலம் முழுக்கக் கெட்ட பெயர் வாங்கியவள் நான்.

இதை எழுதக் காரணம் கவிதா. என் கீழே பிளானிங் பிரிவில் வேலை பார்த்தவள். இப்போது அதே கட்டுமானக் கம்பெனியில் அந்தப் பிரிவுக்கே தலைவி. போன மாதம் போன் செய்தாள். சைட்டில் இருப்பவர்கள் இனிமேல் வாராந்திர ரிப்போர்ட் எழுத வேண்டாமாம். செல்போனில் ஒரு கோடு வரும், விரலால் தள்ளினால் சதவீதம் ஏறும். தலைமை அலுவலகத்துச் சுவரில் பெரிய டி.வி. வைத்திருக்கிறார்களாம். எந்த வேலை எவ்வளவு முடிந்தது என்று அதில் பச்சை, மஞ்சள், சிவப்பு எரியும்.

"எல்லாமே பச்சையா இருக்கு மேடம். அதான் பயமா இருக்கு" என்றாள்.

"பயப்படு. நல்லதுதான்."

"புதுசா சேர்ந்திருக்கிற பசங்களுக்கு நீங்க ஏதாவது எழுதிக் கொடுங்களேன். கொஞ்சம் தன்மையா..."

தன்மையாக எழுத எனக்கு வராது. வந்திருந்தால் இன்னும் இரண்டு பதவி உயர்வு வாங்கியிருப்பேன்.

முதலிலேயே ஒன்று சொல்லிவிடுகிறேன். செல்போன் மேல் எனக்குப் பகை இல்லை. எங்கள் காலம் பொற்காலம் என்று பாடவும் வரவில்லை. நாங்கள் சுவரில் பெரிய சார்ட் ஒட்டி, கலர் பென்சிலால் கட்டம் கட்டமாக நிரப்பினோம். அந்தக் கலர் பென்சிலாலும் தாராளமாகப் பொய் சொன்னார்கள். செல்போனில் அதே பொய்யைச் சீக்கிரமாகச் சொல்லலாம், அவ்வளவுதான் வித்தியாசம்.

என் பெயர் ஸ்டெல்லா. ராயபுரம். அப்பா துறைமுகத்தில் கிரேன் ஷெட்டில் வேலை பார்த்தார். நான் சிவில் டிப்ளமோ படித்தேன். சைட் வேலை கேட்டேன். பெண்ணுக்குச் சைட் சரிப்படாது என்று பிளானிங்கில் போட்டார்கள். "சார்ட்டுக்குக் கலர் அடிக்க ஒரு பொண்ணு இருந்தா நல்லாத்தான் இருக்கும்" என்று என் எதிரிலேயே ஒருவர் சொன்னார். கலர் அடித்தேன். ஆனால் எந்தக் கட்டத்துக்குக் கலர் அடிக்கச் சொன்னார்களோ, அந்த இடத்தை நேரில் போய்ப் பார்க்காமல் அடிக்கவில்லை.

திருவொற்றியூரில் ஒரு தொழிற்சாலைக்குக் கொட்டகை கட்டிய சமயம், ஒரு வரிசைத் தூணுக்குக் கான்கிரீட் போட்டாயிற்று என்று மேஸ்திரி எழுதிக் கொடுத்தார். போய் ஒரு கல்லை எடுத்து, தூணைச் சுற்றி அடித்திருந்த பலகையைத் தட்டினேன். டொங்கென்று சத்தம். உள்ளே கம்பி கட்டியிருந்தது, கான்கிரீட் இல்லை.

"கம்பி கட்டினா முக்காவாசி முடிஞ்ச மாதிரிதான மேடம்? நாளைக்கு ஊத்திடப் போறோம்" என்றார் மேஸ்திரி.

"அப்ப நாளைக்கு எழுது" என்றேன்.

அன்றிலிருந்து எனக்குப் பெயர் தட்டு மேடம். நான் கேட்டுக்குள் நுழையும்போதே மேலேயிருந்து குரல் வரும்: "டேய், தட்டு மேடம் வந்துகினு கீது, எறங்குடா!" எனக்கு அந்தப் பெயர் பிடித்திருந்தது.

அந்த மேஸ்திரி கெட்டவர் இல்லை. திருட்டுத்தனமும் இல்லை. நாளைக்கு நடக்கப்போவதை இன்றைக்கே எழுதினார். முன்னேற்ற ரிப்போர்ட்டில் வருகிற பொய்களில் பெரும்பாலானவை இந்த வகைதான். யாரும் இல்லாததைச் சொல்வதில்லை. வரப்போவதை வந்ததாகச் சொல்கிறார்கள். அல்லது செலவழித்த உழைப்பை முடிந்த வேலையாகக் காட்டுகிறார்கள். இந்த இரண்டாவது வகைதான் ஆபத்து, ஏனென்றால் அதற்கு ஆதாரம் இருக்கும்.

கோதண்டராமன் சாரைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். கடல் ஓர வேலைகளுக்கு அவர்தான் எங்கள் புராஜெக்ட் மேனேஜர். அவரிடம் கற்றுக்கொண்டது நிறைய. அவரோடு சண்டை போட்டதும் நிறைய.

திங்கட்கிழமை காலை கன்டெய்னர் ஆபீசில் கூட்டம் நடக்கும். கூட்டத்துக்கு முன்னால் நாற்காலிகளையெல்லாம் வெளியே எடுத்துப் போடச் சொல்வார். ஏ.சி.யையும் அணைத்துவிடுவார். இரும்புப் பெட்டிக்குள் எல்லோரும் வேர்த்து வழிந்துகொண்டு நிற்போம். அவர் மட்டும் மடித்த கைக்குட்டையால் நெற்றியை ஒற்றியபடி, யாருக்கும் கேட்காத குரலில் பேசுவார். அவர் பேசுவது கேட்க வேண்டுமென்றால் மற்றவர்கள் வாயை மூட வேண்டும். அரை மணிக்கு மேல் எந்தக் கூட்டமும் போனதில்லை.

ஒவ்வொருவரும் சொல்ல வேண்டியது இவ்வளவுதான்: என்ன முடிந்தது, என்ன முடியவில்லை, எது தடுக்கிறது. "ஏறக்குறைய", "நடந்துகொண்டிருக்கிறது", "கிட்டத்தட்ட" என்ற வார்த்தைகளுக்குத் தடை. ஒருமுறை ஒரு எஞ்சினியர் பழக்க தோஷத்தில், "ஏறக்குறைய முடிஞ்ச மாதிரிதான் சார்" என்றுவிட்டார்.

கோதண்டராமன் சார் கைக்குட்டையை மடித்தார். "ஏறக்குறைய செஞ்சு முடிச்ச படகு ஒண்ணு இருக்கு. உங்க வீட்டம்மாவை அதுல ஏத்திக் கடலுக்கு அனுப்புவீங்களா?"

அந்த எஞ்சினியர் அதற்கப்புறம் அந்த வார்த்தையை வீட்டில்கூடச் சொல்லியிருக்க மாட்டார்.

என்னிடம் அவர் சொன்ன விதி ஒன்று உண்டு. "ஸ்டெல்லா, வந்ததை எழுதாதீங்க. நிக்கறதை எழுதுங்க." சிமெண்ட் வந்தது, கம்பி வந்தது, ஆள் வந்தது, இதெல்லாம் கணக்கில் சேராது. எது எழும்பி நிற்கிறதோ அது மட்டும்தான் முன்னேற்றம். இதைச் சொல்லிக்கொடுத்தவர் அவர். அதை நான் மறைக்க மாட்டேன்.

திருவொற்றியூருக்கும் எண்ணூருக்கும் நடுவில், கடற்கரைச் சாலையை ஒட்டி ஒரு மீனவர் குப்பம். கடல் வருஷா வருஷம் உள்ளே வந்துகொண்டிருந்தது. முன்வரிசை வீடுகள் ஏற்கெனவே போய், இரண்டாவது வரிசையே முன்வரிசை ஆகியிருந்தது. அங்கே தூண்டில் வளைவு கட்டும் வேலை எங்கள் கம்பெனிக்குக் கிடைத்தது. கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கல் சுவர். அடியில் சின்னக் கல் குவியல், அதன் மேல் நடுத்தரக் கல், எல்லாவற்றுக்கும் மேலே பாறை மாதிரிப் பெரிய கல். பெரிய கல்தான் தோல். தோல் போர்த்தாமல் விட்டால், ஐப்பசி கார்த்திகைக் கடல் சின்னக் கல்லையெல்லாம் பொரி மாதிரி வாரி இறைத்துவிடும்.

வேலை எவ்வளவு முடிந்தது என்பதை லாரிச் சீட்டை வைத்துத்தான் போட்டுக்கொண்டிருந்தார்கள். வரைபடப்படி இத்தனை டன் கல் வேண்டும், எடைமேடையைத் தாண்டி இத்தனை டன் வந்தது, வகுத்தால் சதவீதம். கேட்க நியாயமாக இருக்கும். ஆனால் அங்கே கடலடி சேறு. கல்லைப் போட்டால் பாதி உள்ளே அமுங்கும், மீதியில் கொஞ்சத்தை அலை பரப்பிவிடும். யாரும் ஒரு கல்லைக்கூடத் திருடவில்லை. சீட்டெல்லாம் நிஜம். சுவர்தான் நிஜம் இல்லை.

தண்ணீருக்கு அடியில் இருப்பதை எப்படி அளப்பது? அதற்கு ஒரு முறை உண்டு. நீளமான இரும்புக் குழாயில் அளவு கோடுகள் போட்டிருக்கும். அதைக் கிரேன் கொக்கியில் தொங்கவிட்டுச் சுவரின் குறுக்கே அடிக்கு அடி இறக்க வேண்டும். கரையிலிருந்து ஒருவர் கருவியில் பார்த்து அளவைப் படிப்பார். முக்கியம் குழாயின் அடிப்பாகம்தான். கூர்மையாக இருந்தால் இரண்டு கல்லுக்கு நடுவே உள்ள சந்தில் இறங்கிவிடும், சுவர் உயரம் குறைவாகத் தெரியும். அகலமாக இருந்தால் துருத்திக்கொண்டிருக்கும் கல் உச்சியிலேயே உட்கார்ந்துவிடும், சுவர் உயரமாகத் தெரியும். அதனால் கல்லின் அளவுக்கு ஏற்றபடி ஒரு இரும்பு அரை உருண்டையை அடியில் வெல்டிங் செய்து பற்ற வைப்போம். குண்டு என்போம். அந்தக் குண்டு எந்த அளவு என்று ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. அதில் கை வைத்தால் எல்லாவற்றிலும் கை வைத்த மாதிரி.

குழாய் காற்றில் ஆடாமல் இருக்க, கயிறு கட்டி ஒரு படகிலிருந்து இழுத்துப் பிடிக்க வேண்டும். அந்தப் படகு தேசப்பனுடையது. அதே குப்பத்துக்காரர். முன்வரிசை ஆகிவிட்ட இரண்டாவது வரிசையில் அவர் வீடு.

"இன்னா மேடம், லாரி லாரியா கொட்டிகினு கீறீங்க, கடலு துன்னுகினே கீது. அதுக்கு வயிறு ரொம்பவே ரொம்பாதா?"

"அளந்தா தெரியும். படகை ஆட்டாம புடி தேசப்பா."

"நானா ஆட்டறேன்? அலை ஆட்டுது. அத்தப் போயி கேளு."

அளந்து முடித்து வரைந்து பார்த்தேன். கரைப் பக்கம் பரவாயில்லை. கடல் பக்கத் தலைப்பகுதியில் பெரிய கல் போர்த்தவே இல்லை, சின்னக் கல்லும் உயரம் போதவில்லை. லாரிச் சீட்டுப்படி தொண்ணூற்றாறு சதவீதம். நிற்பது அறுபதுக்குப் பக்கத்தில்.

இந்த எண்ணில் என்ன இருக்கிறது என்று புதிதாய்ச் சேர்ந்தவர்கள் கேட்கலாம். கிரேன் இருக்கிறது. அந்த அளவு கிரேன் கம்பெனியிடம் ஒன்றுதான் இருந்தது. தொண்ணூற்றைந்தைத் தாண்டியது என்று ரிப்போர்ட் போனால் அதைக் கழற்றி லாரியில் ஏற்றி வேறு துறைமுக வேலைக்கு அனுப்பிவிடுவார்கள். மழைக்காலம் எதிரில் நின்றது. கிரேன் போனால் தலைப்பகுதிக்குத் தோல் போர்த்த ஆள் கிடையாது. தலை சரிந்தால் சுவர் சரியும், சுவர் சரிந்தால் அந்த வரிசை வீடு. ஆக, நான் எழுதும் எண்தான் கிரேனைக் கழற்றும் அல்லது நிறுத்தும்.

கோதண்டராமன் சார் கூப்பிட்டார். உள்ளே போனால் ஒரு நாற்காலி போட்டு வைத்திருக்கிறார்.

"உக்காருங்க ஸ்டெல்லாம்மா."

வழக்கமாக ஸ்டெல்லாதான். அம்மா சேர்ந்தால் ஏதோ தப்பான காரியம் வருகிறது என்று அர்த்தம்.

"வேணாம் சார். உங்க ரூம்ல நின்னே பழக்கம்."

"ஹெட் ஆபீஸ்ல கிரேனுக்குத் தேதி குடுத்துட்டாங்க. டன் கணக்குல தொண்ணூத்தாறு வந்தாச்சு. அது ஒண்ணும் பொய் இல்லையே? ஒவ்வொரு லாரிக்கும் சீட்டு இருக்கு."

"கல்லு வந்தது நிஜம் சார். நிக்கல."

"மீதியை மழைக்கப்புறம் வந்து போட்டுக்கலாம்."

"அதுவரைக்கும் அந்தக் குப்பம்?"

"நீங்க பிளானிங். குப்பத்தைப் பத்திக் கவலைப்பட வேற டிபார்ட்மென்ட் இருக்கு."

"எந்த டிபார்ட்மென்ட் சார்? நம்பர் குடுங்க, நானே போன் போட்டுச் சொல்றேன்."

அவர் கைக்குட்டையை எடுத்தார். "ரெண்டு நம்பரையும் போடறேன்னு சொல்லாதீங்க. ரிப்போர்ட்ல ஒரு கட்டம்தான் இருக்கு."

"அந்த ஒரு கட்டத்துல நிக்கறதைத்தான் எழுதுவேன்."

"ரிட்டையர்மென்ட்டுக்கு இன்னும் சில வருஷம் இருக்கு இல்ல உங்களுக்கு?"

இதைக் கேட்டதும் இத்தனை வருஷம் ஆபீசில் பேசிப் பழகிய தமிழ் போய், என் வாயில் ராயபுரம் வந்தது. "இன்னா சார், மெரட்டறியா? மெரட்டறதுன்னா நேரா மெரட்டு. நாற்காலி போட்டு மெரட்டாத."

கன்டெய்னருக்கு வெளியே டீ கொண்டுவந்த அம்மா அப்படியே திரும்பிப் போய்விட்டார்.

அவர் கோபப்படவில்லை. அதுதான் அவரிடம் எரிச்சல். "சரி. வேலை கொடுத்த இலாகாவிலிருந்து வியாழக்கிழமை எஞ்சினியர் வரார். அவர் முன்னாடியே அளப்போம். வர்ற எண்ணைப் போடுங்க" என்றார். ஜெயித்துவிட்டேன் என்று நினைத்து வீட்டுக்குப் போனேன்.

வியாழக்கிழமை காலை சுவர் மேல் ஏறினேன். இலாகா எஞ்சினியர் குடைக்குக் கீழே நின்றிருந்தார். கோதண்டராமன் சார் பக்கத்தில். குப்பத்திலிருந்து பத்துப் பதினைந்து பேர் வேடிக்கை பார்க்க வந்திருந்தார்கள். கிரேன் குழாயைத் தூக்கியது. படகிலிருந்து தேசப்பன் கத்தினார்.

"மேடம்! குண்டக் காணோம்! தோசைக்கல்லு மாட்டிகீறாங்க!"

நிமிர்ந்து பார்த்தேன். குண்டை வெட்டி எடுத்துவிட்டு, அகலமான இரும்புத் தகடு ஒன்றைப் பற்ற வைத்திருந்தார்கள். பற்ற வைத்த இடம் இன்னும் கறுப்பாக இருந்தது. கல் உச்சியில் உட்காரத்தான் அந்தத் தகடு. அதை வைத்து அளந்தால் சந்து, பள்ளம் எதுவும் தெரியாது. சுவர் ஒரே வீச்சில் வளர்ந்துவிடும்.

"நிறுத்து" என்று கிரேன் ஓட்டுநருக்குக் கை காட்டினேன்.

இலாகா எஞ்சினியர் கடிகாரத்தைப் பார்த்தார். "என்னம்மா பிரச்சினை?"

"அளக்கற கருவியை மாத்தியிருக்காங்க சார். ஒப்பந்தத்துல குண்டுன்னு இருக்கு. இது தகடு."

"எதுல அளந்தா என்ன? பெரிய வித்தியாசம் வந்துடுமா?"

அவர் தெரியாமல் கேட்டாரா, தெரிந்தே கேட்டாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கோதண்டராமன் சார் கடலுக்கு முதுகு காட்டி நின்றுகொண்டிருந்தார். அவரிடம் போனேன். சத்தமாகவே கேட்டேன்.

"சார், திங்கட்கிழமை கூட்டம் மாதிரியே கேக்கறேன். இந்தத் தலைப்பகுதி முடிஞ்சுதா, முடியலையா? ஏறக்குறைய எல்லாம் வேணாம். நீங்க முடிஞ்சுதுன்னு சொல்லுங்க, நான் தொண்ணூத்தாறு எழுதிக் கையெழுத்துப் போடறேன். இவங்க எல்லார் முன்னாடியும் சொல்லுங்க."

கூட்டத்திலிருந்து ஒரு பெண் குரல் வந்தது: "சொல்லேன் நைனா, இன்னா யோசிச்சுகினு கீற? எங்க வூடுதான, உன் வூடா?"

கோதண்டராமன் சார் திரும்பிக் கடலைப் பார்த்தார். பிறகு, வழக்கமான அந்தக் கேட்காத குரலில், "குண்டை மாட்டுங்க" என்றார்.

தகட்டை வெட்டிக் குண்டைப் பற்றவைக்க மத்தியானம் ஆகிவிட்டது. குடைக்குக் கீழே நின்றவர் சாப்பிடப் போய்த் திரும்பி வந்தார். அளந்தோம். என் எண் சரியாக இருந்தது. அவர் கையெழுத்துப் போட்டார், கோதண்டராமன் சார் போட்டார், நான் போட்டேன்.

கிரேன் போகாமல் அங்கேயே நின்றது. கடல் கொந்தளித்து இனி முடியாது என்கிற நாள் வரை தலைப்பகுதியில் பெரிய கல்லாக அடுக்கினார்கள். முழுசாக முடியவில்லை, ஆனால் தோல் போர்த்தியாயிற்று. அந்த வருஷப் புயலில் வடக்கே சாலையில் ஒரு துண்டு போனது. அந்த வரிசை வீடுகளுக்குள் தண்ணீர் வந்தது, வடிந்தது. வீடுகள் இருந்தன.

எனக்கு என்ன கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு: மாற்றல் கிடைத்தது. அம்பத்தூரில் பழைய ஃபைல் அடுக்கும் கிடங்கு. கடைசி வருஷங்கள் அங்கேதான். கோதண்டராமன் சார் அந்த உத்தரவில் கையெழுத்துப் போட்டார், அதற்கப்புறம் என்னோடு பேசவில்லை. குண்டை மாட்டச் சொன்னவரும் அவர்தான், என்னைக் கிடங்குக்கு அனுப்பியவரும் அவர்தான். இரண்டையும் ஒரே மனிதர் செய்ய முடியும் என்று தெரிந்துகொண்டேன். மன்னித்துவிட்டேன் என்றெல்லாம் சொல்ல மாட்டேன். கம்பெனி வெளியிட்ட பளபளப் புத்தகத்தில் அந்த வேலை "குறித்த காலத்தில் முடிக்கப்பட்டது" என்று போட்டிருந்தார்கள். அதுவும் பொய். மீதியை மழைக்கப்புறம் தாமதமாகத்தான் முடித்தோம், நல்லவேளை.

கவிதாவின் பசங்களுக்கு நான் சொல்வது இதுதான். செல்போனில் வரும் கோட்டை விரலால் தள்ளுங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் தள்ளுவதற்கு முன்னால் அந்த இடத்துக்குப் போங்கள். நீங்கள் காட்டும் எண்ணை நம்பி எந்தக் கிரேன் நகரப்போகிறது, அந்தக் கிரேனுக்குப் பின்னால் யார் வீடு இருக்கிறது என்று கேளுங்கள். கேட்டால் கெட்ட பெயர் வரும். வரட்டும். நானும் சாப்பிட்டேன், தூங்கினேன், ஓய்வூதியம் வாங்குகிறேன். ஒன்றும் குறைந்துவிடவில்லை.

இதை எழுத உட்கார்வதற்கு முன்னால் அந்த இடத்தை ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். விம்கோ நகர் வரை மெட்ரோ, அங்கிருந்து ஷேர் ஆட்டோ. தேசப்பன் தலை நரைத்து, வாசலில் வலை பிரித்துக்கொண்டு இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்தார். வரவேற்கத்தான் எழுகிறார் என்று நினைத்தேன்.

"வா மேடம், வா. உன்னத்தான் தேடிகினு இருந்தேன். இன்னா கட்டிகீறீங்க நீங்கள்லாம்? இந்தச் செவுத்தால மண்ணு பூரா அந்தாண்ட பூடுச்சு. படகு ஏத்த எடமே இல்ல. தெனம் பேஜாரு."

"வரைபடம் போட்டவனப் போயிக் கேளு. நானா போட்டேன்?"

"நீதான அளந்த?"

"நிக்குதான்னு அளந்தேன். எங்க நிக்கணும்னு என்னைக் கேட்டாங்களா?"

"நல்லா வாய் பேசு. அன்னிக்கும் இதே வாய்தான்."

உள்ளேயிருந்து அவர் மனைவி சத்தம் போட்டார். "யாராண்ட கத்திகினு கீற? குந்தச் சொல்லு, டீ போடறேன்."

வாசற்படியில் உட்கார்ந்தேன். டீ வந்தது. குடித்து முடிக்கும் வரை தேசப்பன் திட்டிக்கொண்டே இருந்தார், இலாகாவை, கம்பெனியை, என்னை. தம்ளரைக் கீழே வைத்துவிட்டு நானும் ஆரம்பித்தேன்.